தண்டப்பணமும் கடவுச்சீட்டும்

(தலவாக்கலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கேஸ் ஒன்று இருந்தால் வெளிநாடு போக முடியுமா என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தக் கேள்வியைச் சபையில் எழுந்து யாரும் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து, "எனக்கில்ல சார், என் மச்சானுக்கு" என்றுதான் கேட்பார்கள். ஆகவே இது மச்சான்மாருக்கான பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் போகலாம். ஆனால் அது கட்டுநாயக்காவில் முடிவாகிற விஷயம் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் உங்கள் பெயரைக் கூப்பிட்ட மூன்று நிமிடத்துக்குள் பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதியைக் கெடுப்பது அந்தக் கேஸ் அல்ல. அதை மறைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஆள்.

அந்த மூன்று நிமிடத்தை முதலில் பார்ப்போம். சம்பள நாள். லயத்தில் ஒரு தம்பி அரைப் போத்தல் கசிப்போடு பிடிபடுகிறான். அல்லது திருவிழாவில் அடிதடி. அல்லது தோட்டத்துக் கொழுந்தில் ஒரு சாக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் காலை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகிறார்கள். கூண்டில் நிற்கிறான். குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் படிக்கிறார்கள். "வரதகருத, நிவரதகருத?" நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் திருப்பிச் சொல்கிறார்: குற்றவாளியா, சுற்றவாளியா? வாசலிலேயே ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்: "குத்தத்த ஒத்துக்கிட்டா தண்டப்பணத்தக் கட்டிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம். சண்டை புடிச்சா தவணை தவணையா அலையணும், நாள் சம்பளம் போயிரும்." கணக்குப் பார்த்தால் அது சரியாகத்தான் படும். ஒரு தவணைக்கு ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசு போகிறது, சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும். தம்பி தலையை ஆட்டுகிறான். தண்டப்பணம் கட்டுகிறான். மூன்று மணி பஸ்ஸையும் பிடிக்கிறான்.

அவன் கட்டிய தொகை சிறியது. ஆனால் அந்தத் தலையசைப்போடு அவன் சட்டத்தின் கண்ணில் குற்றத்தீர்ப்புப் பெற்றவனாகிவிட்டான். தண்டப்பணம் கட்டி முடிந்துபோன கேஸ் "கேஸே இல்லை" என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். மறியலுக்குப் போனால்தான் தண்டனை என்பது நம் எண்ணம். வெளிநாட்டுப் படிவங்கள் அப்படிக் கேட்பதில்லை. எப்போதாவது குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்றுதான் கேட்கும். தண்டனை மறியலா, தண்டப்பணமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இங்கே ஒரு பிரிவின் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 306. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், எதிரியின் வயது, நடத்தை, முன்வரலாறு, செய்த காரியத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலேயே எச்சரித்து விடவோ, நன்னடத்தைப் பிணைமுறி வாங்கிக்கொண்டு விடவோ நீதவானுக்கு அது அதிகாரம் தருகிறது. முதல் தடவை கூண்டேறும் பத்தொன்பது வயதுப் பையனுக்காகவே எழுதி வைத்தது போன்ற பிரிவு. கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன், அது நீதவானின் தற்றுணிபு. ஆனால் கேட்காதவனுக்கு யாரும் எடுத்துத் தரப்போவதில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 முதல் இருக்கிறது. "ஐயா, 306இன் கீழ் விண்ணப்பம் செய்ய முடியுமா?" என்ற ஒரு வாக்கியம், மூன்று மணி பஸ்ஸைவிடப் பெறுமதியானது. இதற்குப் பக்கத்திலேயே 303 இருக்கிறது, ஒத்திவைத்த சிறைத்தண்டனை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒத்திவைத்தாலும் தண்டனை தண்டனைதான். ஒரு நாளும் மறியலில் இருக்காதவனையும் அவுஸ்திரேலியா "இவ்வளவு மாதம் தண்டிக்கப்பட்டவன்" என்றே எண்ணும்.

சரி, கேஸ் நடந்து முடிந்து பத்து வருடமாகிவிட்டது. இப்போது விசாவுக்குப் பொலிஸ் றிப்போட் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பது கொழும்பில் உள்ள பொலிஸ் தலைமையகம். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போனதும் நீங்கள் குடியிருந்த இடத்துப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணை வரும். ஊரில் தெரிந்த சார்ஜன் ஒருவர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது.

இந்த இடத்தில் நம் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரித்தானியர் 1883இல் தண்டனைச் சட்டக்கோவையை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தங்கள் ஊரில் 1974இல் இன்னொரு சட்டம் செய்தார்கள். சிறிய குற்றம் செய்தவர் குறிப்பிட்ட காலம் வேறு வம்புக்குப் போகாமல் இருந்தால், அந்தப் பழைய தீர்ப்பு தீர்ந்துபோனதாக எண்ண வேண்டும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லத் தேவையில்லை என்கிற சட்டம். அதற்கு ஈடான ஒன்றை நாம் செய்துகொள்ளவில்லை. நம் அரசியலமைப்புக்கு மறக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆறு மாதமோ அதற்கு மேலோ மறியலில் இருந்தவர், வெளியே வந்து ஏழு வருடம் கழிந்தால் மறுபடி பாராளுமன்றத் தேர்தலில் நிற்கலாம் என்று 89ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டம் இயற்றப் போகிறவருக்கு ஏழு வருடத்தில் மறதி உண்டு. கட்டாரில் லொறி ஓட்டப் போகிறவருக்கு அப்படி ஒரு வருடக் கணக்கு கிடையாது.

இன்னொரு வேடிக்கை. பிரித்தானியாவின் அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவுத் தீர்மானங்களுக்குப் பொருந்தாது. விசா கேட்டுப் போகிறவர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரை மறுப்பது அங்கே இப்போதைய விதி.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். அவுஸ்திரேலியாவிலும் 12 மாதம்தான் கோடு. 501ஆம் பிரிவு, நன்னடத்தைப் பரீட்சை. ஜப்பான் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டிக்கப்பட்டவரை மறுக்கும். போதைப்பொருள் என்றால் அளவையே பார்க்காது. நம் பிள்ளைகள் பலர் கனவு காணும் கொரிய வேலைத் திட்டத்தில், சிறைத்தண்டனை பெற்றவருக்குப் பரீட்சை எழுதும் தகுதியே இல்லை. கனடா உங்களுக்கு இலங்கையில் என்ன தண்டனை கிடைத்தது என்பதைவிட, அதே காரியத்தைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே அது என்ன குற்றம் என்றுதான் பார்க்கும். சிறிய குற்றம் ஒன்றே ஒன்று, தண்டனை முடிந்து பத்து வருடம் என்றால் பெரும்பாலும் திருந்தியவராகக் கருதிக்கொள்ளும். ஐந்து வருடத்துக்குப் பிறகு விண்ணப்பித்தும் கேட்கலாம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதை நாம் விளையாட்டாக நினைக்கிறோம். 2018 டிசம்பரிலிருந்து கனடாவில் அது பாரதூரமான குற்றங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. மகள் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட்டு ரொறன்ரோ போக நினைக்கும் தகப்பன்மார் இதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் கணக்குத்தான் நம்மவர்களுக்கு விளங்குவதில்லை. ஒழுக்கக்கேடான குற்றம் என்று ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். களவும் மோசடியும் அதில் அடங்கும். சிறு குற்றத்துக்கு ஒரு விலக்கும் உண்டு: அந்தக் குற்றத்துக்குச் சட்டம் விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை ஒரு வருடத்துக்கு மேற்படக் கூடாது, உண்மையில் கிடைத்த தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்படக் கூடாது. இப்போது அந்தக் கொழுந்துச் சாக்கை நினைத்துப் பாருங்கள். தம்பிக்குக் கிடைத்தது வெறும் தண்டப்பணம். ஆனால் நம் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் களவுக்கு உச்சத் தண்டனை மூன்று வருடம். விலக்குக் கைநழுவிப் போகிறது. கொழுந்தின் எடையை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குப் பிறகு வெய்வர் என்கிற விசேஷ அனுமதிக்குத்தான் கையேந்த வேண்டும்.

அமெரிக்கப் படிவம் இன்னும் ஒரு படி மேலே போகும். குற்றவாளியாகத் தீர்த்தார்களா என்பதோடு, கைது செய்தார்களா என்றும் கேட்கும். மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல் என்று கேட்கும். 2021 பெப்ரவரியில் ஓல்டன் தோட்டத்தில் முகாமையாளரைத் தாக்கியதாகச் சொல்லித் தொழிலாளர்களைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சம்பளப் போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. அப்படிப்பட்ட ஒரு கேஸில் நாளைக்கு ஒருவர் சுற்றவாளியாகவே வெளியே வந்தாலும், அந்தப் பெட்டியில் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். "ஆம்" என்று எழுதியதற்காக மட்டும் விசா மறுக்கப்படாது. "இல்லை" என்று எழுதிப் பிடிபட்டால் அது மோசடி. பொய்த் தகவலுக்கு அமெரிக்கா போடும் தடை ஆயுளுக்கும்.

இந்த ஊரின் அமரர் பெ. சந்திரசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். 1994இல் பாராளுமன்றம் போனபோது, அந்த ஒரு ஆசனம் சந்திரிகா அம்மையாரின் ஆட்சிக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது நாடறிந்த கதை. அவர் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாலும் "ஆம்" என்றே எழுதியிருக்க வேண்டும். "ஆம்" என்று எழுதுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1979இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியின் முன் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகலாம் என்பது அதன் 16ஆம் பிரிவு. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கு இளைஞர்களோடு நம் மலையகப் பிள்ளைகளும் கொழும்புக் கடைகளிலும் லயங்களிலும் பிடிபட்டார்கள். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ்ப் பிள்ளைகளை வெட்டிக் கொன்றபோது இந்த நகரம் எப்படிக் கொந்தளித்தது என்பதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். வருடக் கணக்கில் வழக்கில்லாமல் இருந்தவர்களிடம், தகவல் தெரிந்தும் சொல்லவில்லை என்ற 5ஆம் பிரிவை ஒத்துக்கொள், புனர்வாழ்வுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னால் யார் மாட்டேன் என்பார்கள்? ஒத்துக்கொண்டார்கள், வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய தலையசைப்புத்தான் இருப்பதிலேயே விலை கூடியது. மேற்கு நாடுகளின் குடிவரவுச் சட்டங்களில் களவுக்கு ஓர் அத்தியாயம், பயங்கரவாதத்துக்கு வேறு அத்தியாயம். பத்து வருடக் கணக்கு இரண்டாவதற்கு ஓடாது. இவர்களுக்கு நான் பொதுவாக வழி சொல்லமாட்டேன். தாங்களாக எந்தப் படிவத்தையும் நிரப்பாமல், அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முழுக் கோவையையும் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

தண்டனை முடிந்தாலும் பயணம் கிடைக்காமல் போவது எப்படி என்பதற்கு அண்மையில் நாம் எல்லோரும் ஒன்றைப் பார்த்தோம். சாந்தனைச் சொல்கிறேன். உடுப்பிட்டிப் பிள்ளை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதானவர். 1998இல் மரண தண்டனை. 2014 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2022 நவம்பர் 11ஆம் தேதி விடுதலை செய்தது. இந்திய உச்ச நீதிமன்றமே விட்டுவிட்டதே, அடுத்த கப்பலில் ஊர்தானே என்று நினைப்போம். அவர் போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு. கையில் கடவுச்சீட்டு இல்லை. அந்நிய நாட்டவர். இலங்கைத் தூதரகம் பயணப் பத்திரம் கொடுக்க வேண்டும், டில்லி வெளியேற அனுமதி கொடுக்க வேண்டும், தமிழ்நாடு ஏற்பாடு செய்ய வேண்டும். தாயைப் பார்க்க வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டார். பத்திரங்கள் எல்லாம் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது ஈரல் நோயோடு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் கிடந்தார். பெயரைக் கவனியுங்கள். 2024 பெப்ரவரி 28ஆம் தேதி அங்கேயே இறந்துபோனார். உடல்தான் ஊருக்கு வந்தது. அதே வழக்கில் விடுதலையான முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரையும் ஏப்ரல் 3ஆம் தேதி கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கலாம். நான் பார்ப்பது நாட்களை: விடுதலைக்கும் சாவுக்கும் இடையில் பதினைந்து மாதம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய விமானப் பயணத்துக்கான கடதாசி.

கடதாசியால் ஆளைக் கட்டிப்போடுவது நமக்குப் புதிதல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். மூன்று மாதம் வரை மறியல். அதோடு துண்டு. கடன் தீர்ந்தது, இவரை விடலாம் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் இரண்டையும் ஒழித்தார்கள். நம் முப்பாட்டன்மாரில் பலருடைய குற்றப்பதிவு என்ன தெரியுமா? ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நடந்து போனது. பயணமே குற்றம்.

அந்தச் சட்டம் செத்துவிட்டது என்று நினைத்தால், சவூதியிலிருந்து திரும்பிய நம் அக்காமாரைக் கேளுங்கள். சம்பளம் தராத வீட்டை விட்டு வெளியே ஓடினால் முதலாளி "ஹுரூப்" போட்டுவிடுவான், ஓடிப்போனவள் என்று. பிடித்துத் தர்ஹீல் என்கிற நாடுகடத்தல் முகாமில் வைத்து, கைரேகை எடுத்து, நாடு கடத்தி, திரும்ப வரத் தடையும் போடுவார்கள். 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த தொழில் சீர்திருத்தத்திலும் வீட்டுப் பணிப்பெண்களை விட்டுவிட்டார்கள். கொழுந்து பறித்த பாட்டிக்கு 1921இல் கிடைத்தது, பாத்திரம் கழுவப் போன பேத்திக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சப் ஏஜென்ட் வருவார். "பேர மாத்தி, பொறந்த தேதிய மாத்தி, புது பாஸ்போட் எடுத்துரலாம்" என்பார். வளைகுடாவில் இது பலிக்காது. ஐக்கிய அரபு இராச்சியம் 2000களின் தொடக்கத்திலேயே நாடு கடத்தியவர்களின் கண்மணியைப் பதிந்து வைக்கத் தொடங்கிவிட்டது. பெயரை மாற்றலாம், கண்ணை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? பலித்தால் வரும் கேடு அதைவிடப் பெரிது. மூதூர் ரிசானா நஃபீக்கின் கடவுச்சீட்டில் 1982இல் பிறந்தவர் என்று இருந்தது, உண்மையில் 1988. சவூதியில் அவர் வேலை செய்த வீட்டில் குழந்தை இறந்து, கொலைப்பழி விழுந்தபோது பதினேழு வயதுப் பிள்ளை. உண்மை வயதைக் காட்டிய பிறப்புச் சான்றிதழாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2013 ஜனவரி 9ஆம் தேதி தலையை வெட்டினார்கள். பொய்க் கடவுச்சீட்டு செய்தவர் அந்த மேடையில் நிற்கவில்லை. பொய் யாருடைய கையெழுத்தின் மேல் இருக்கிறதோ, விலையை அவர்தான் கொடுக்க வேண்டும்.

இனி, கேஸ் உள்ளவர் செய்ய வேண்டியது. முதல் வேலை, கேஸ் நடந்த நீதிமன்றத்தின் பதிவாளரிடம் போய் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுப்பது. தண்டப்பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். விசாவுக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பழைய கோவைகள் நனைகின்றன, கறையான் தின்கிறது, காலம் போனால் அழிக்கவும் செய்கிறார்கள். கோவை இல்லாமல், "அது சின்ன கேஸ்தான்" என்று நீங்கள் சொல்வதை எந்தத் தூதரகமும் நம்பாது.

பெயரில் கவனம். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் கிளாக்கர் ஐயா எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பொலிஸ் சிங்களத்தில் எழுதிக்கொண்டது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு டிவிஷனில் நாலு ராமசாமி இருந்தால், எவனோ ஒரு ராமசாமியின் கேஸ் உங்கள் றிப்போட்டில் வந்து உட்காரும். அப்படி வந்தால் சண்டை போடாமல், கைரேகையை ஒப்பிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரேகை பொய் சொல்லாது.

இந்தியாவுக்குப் போகிறவர்களும் படிவத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கில் பிறந்தவர்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன அண்ணன் தம்பிகளைப் பார்க்கப் போகிறீர்கள். திருச்சிக்கு விமானம் ஏறும் அந்தச் சாதாரண விசாப் படிவத்திலும் கைது, வழக்கு, தண்டனை மூன்றையும் கேட்கிறார்கள். பயணத்தை ஏற்பாடு செய்யும் பையன் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். அவனுக்கு நேரமில்லை. கீழே கையெழுத்து உங்களுடையது. அவன் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

"ஆம்" என்று எழுதினால் கூடவே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். எந்த வருடம், எந்த நீதிமன்றம், என்ன குற்றம், என்ன தண்டனை, அதற்குப் பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். அழுது எழுத வேண்டாம், பொலிஸைத் திட்டியும் எழுத வேண்டாம். வழக்கேடு சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.